அந்தப் பெண் கேட்டதில் என்ன தப்பு?

பத்திரிகையாளர் ஆவது எப்படி என்று எங்கள் வடசென்னைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சனிக்கிழமை ஒரு நிகழ்ச்சி நடந்தது; அதில் கேள்வி கேட்ட பள்ளி மாணவியைச் சிரித்து உட்கார வைத்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். நான் தெரியாத்தனமாக அதன் கீழே அவளைத் திட்டி எழுதியிருந்த கருத்துகளையும் படித்துத் தொலைத்தேன். அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும்.

விருந்தினர் அரை மணி நேரம் முழங்கினார். பத்திரிகையாளர் ஆக வேண்டுமா, சின்ன வயதிலேயே ஆர்வம் வேண்டும், தேடல் வேண்டும், கேள்வி கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். சரி என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். "2023 டிசம்பரில் எண்ணூரில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தபோது எல்லோரும் கேமராவோடு வந்தீர்கள். அதற்கப்புறம் அந்தக் குழாய் என்ன ஆனது என்று ஏன் சார் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை?" அவர் சிரித்தார். "முதலில் நல்ல மார்க் வாங்கும்மா" என்றார். மைக் வேறு கைக்குப் போனது. கூட்டம் கைதட்டியது, அவருக்கு.

ஐயா, அவள் கேட்டதுதான் பத்திரிகை வேலை. ஒரு செய்தி வந்த பிறகு அது என்ன ஆனது என்று விடாமல் தொடர்வது; எங்கள் அலுவலகங்களில் அதற்கு ஃபாலோ அப் என்று பெயர். மாதச் சம்பளம் வாங்குகிற நாங்களே செய்யாமல் தட்டிக்கழிப்பது அது. பள்ளிச் சீருடையில் ஒருத்தி செய்தாள், உட்கார வைத்துவிட்டீர்கள். அந்தக் கசிவை, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்காக எடுத்தது, செய்தியும் வந்தது. அதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாமே? தெரிந்திருந்தால்தானே.

'யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்' என்று எழுதிய அறிவாளிகளுக்கு வருகிறேன். நள்ளிரவில் கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எண்ணூர் பெரியகுப்பத்திலிருந்து ஓடிய ஜனத்துக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து எண்ணூர் முகத்துவாரத்துப் படகும் வலையும் கறுத்தன. ஒரே மாதத்தில் இரண்டையும் பார்த்த பிள்ளைக்குக் கேள்வி வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

'இடம் பொருள் ஏவல் வேண்டாமா?' கேள்வி நேரம் என்று அறிவித்தவர்கள் நீங்கள். போங்கள்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். வடசென்னையில் இருந்த பின்னி துணி மில்லின் சங்கு ஊதித்தான் எங்கள் தெருவுக்கு மணி தெரியும். 1996-ல் மில் மூடியது. அப்பா அதற்குப் பிறகும் சில வாரம் காலையில் குளித்து, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கேட் வரை போய் நின்றுவிட்டு வருவார். சங்கு ஏன் ஊதவில்லை என்று நான் கேட்டால் வீட்டில் பதில் கிடையாது, அடிதான். டீக்கடையில்தான் கிடைத்தது. அங்கே ஒரே தினசரி பக்கம் பக்கமாகப் பிரிந்து பெஞ்சு முழுக்கக் கிடக்கும். மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கண் தெரியவில்லை என்று என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். படித்து முடித்ததும், "இதில் எதை எழுதாமல் விட்டிருக்கிறான், சொல்" என்பார். எனக்கு எங்கே தெரியும்? அவரே சொல்வார். 1918-ல் இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, பி.பி. வாடியா தலைவர், 'தேசபக்தன்' நாளிதழ் நடத்திக்கொண்டிருந்த திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர் என்று. பத்திரிகை ஆசிரியர் மில் தொழிலாளியோடு வந்து நிற்பாரா என்று நான் வாய் பிளந்தேன். அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மார்க் எவ்வளவு என்றும் கேட்கவில்லை. என் இதழியல் படிப்பு அந்த பெஞ்சில் தொடங்கியது, பட்டம் பிறகு வந்தது.

வேலையில் சேர்ந்ததும் வடசென்னைக்காரனுக்கு என்ன பீட், அதாவது செய்தி சேகரிக்க எந்தத் துறையைக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? க்ரைம். "உங்கள் ஏரியாதானே, ஆட்களைத் தெரிந்திருக்குமே." காசிமேட்டில் வெட்டுக்குத்து என்றால் முதல் பக்கத்தில் இடம் ஒதுக்குவார்கள். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் சேறாகப் படிந்து இறால் பிடிப்பவர் முழங்கால் வரை புதைகிறார் என்று எழுதிக்கொடுத்தால், "இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நான் ஏசி அறையில் நிறையக் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை அதே சிரிப்பு.

'பத்திரிகையில் சம்பளம் கிடையாது, அவளை ஏற்றிவிடாதீர்கள்' என்றும் ஒருவர். நியாயம், என் அம்மா இன்றுவரை கேட்கிற கேள்வி அது. ஆனால் வசதியான அடையாறு ஏரியா பிள்ளை எழுந்து இதையே கேட்டிருந்தால் துணிச்சல், தலைமைப் பண்பு என்று எழுதியிருப்பீர்களா இல்லையா? எங்கள் பிள்ளை கேட்டால் வாய்க்கொழுப்பு. பாக்ஸிங் போடு, கேரம் ஆடு, ஃபுட்பால் ஆடு, வந்து படம் பிடிப்பீர்கள். எதிரே நின்று கேட்டால் மட்டும் ஆகாது.

நான் உணர்ச்சிவசப்படுகிறேனாம். ஆமாம், படுகிறேன்.

விருந்தினருக்கு ஒன்று. பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை. அவள் முகம் தெரிகிற அந்த வீடியோவை, சிரிக்கும் பொம்மைகள் ஒட்டி உங்கள் பக்கத்திலேயே பகிர்ந்திருக்கிறீர்களே, அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.