வருகைதரு கவிஞருக்கு முதலில் நேரத்தைக் கொடுங்கள்

ஒரு கவிஞரை எட்டு வாரம் பல்கலைக்கழகத்தில் தங்கி எழுத அழைக்கிறோம். சென்னையில் அடுத்து நடப்பது என்ன? தொடக்க விழா, பொன்னாடை, அரங்கு நிறைந்த சிறப்புரை. மறுவாரம் பக்கத்துத் துறை கூப்பிடும், பிறகு இணைப்புக் கல்லூரிகள் வரிசையில் நிற்கும். எல்லாம் அன்பினால்தான். ஆனால் எட்டு வாரம் முடிகையில் கவிஞர் மேடை மேடையாக ஏறி இறங்கியிருப்பார், ஒரு கவிதையும் எழுதியிருக்க மாட்டார்.

அழைப்புக் கடிதத்திலேயே வார அட்டவணையை எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாரத்துக்கு இரண்டு பட்டறை, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். ஒரு பிற்பகல் மாணவர்களைத் தனித்தனியே சந்திக்க. மாதம் ஒரே ஒரு பொது வாசிப்பு. மீதி நேரம் முழுக்க அவருடையது. துறைத்தலைவரே கேட்டாலும் அதில் கைவைக்கக் கூடாது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர்களைத் தங்க அழைக்கும் சர்வதேச எழுத்தாளர் திட்டம் 1967 முதல் நிலைத்து நிற்பதற்கு, வருகிறவரை எழுத விடுவதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

காலத்தையும் பார்த்துக் குறிக்க வேண்டும். அக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம். மழை விடுமுறை பாதியைத் தின்றுவிடும், மீதியில் பருவத் தேர்வு வந்து நிற்கும். ஜூலை கடைசியில் தொடங்கலாம். இல்லையென்றால் பொங்கலும் புத்தகக் காட்சியும் முடிந்த பிறகு தொடங்கி மார்ச்சில் முடிக்கலாம்.

பட்டறைக்கு 12 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். மதிப்பெண்ணைப் பார்க்காமல், ஆளுக்கு ஐந்து கவிதை வாங்கிப் படித்துத் தேர்ந்தெடுங்கள். விலங்கியல் மாணவரும் வரட்டும். ஓர் அமர்வுக்கு மூன்று கவிதை, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், கடைசி அரை மணி பயிற்சிக்கு. கவிதைகள் இரண்டு நாள் முன்பே எல்லோர் கைக்கும் போய்ச் சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பினால் நீண்ட அடிகளை ஃபோன் திரை தானே மடக்கிவிடும். அடியை எழுதியவர் உடைத்தது எது, திரை உடைத்தது எது என்று தெரியாது. பிடிஎஃப் அல்லது அச்சுப் பிரதிதான் சரி.

எழுதியவர் வாசிக்கக் கூடாது, வேறொருவர் உரக்க வாசிக்க வேண்டும். அவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே மற்றவர்கள் பென்சிலால் கோடு போட வேண்டும். எழுதியவர் முதல் 30 நிமிடம் வாய் திறக்காமல் கேட்டுவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் பேசலாம். நம் வகுப்பறைப் பழக்கம் ஒன்று இங்கே பெரிய இடைஞ்சல். கவிதையைக் கண்டதும் அதன் சமூகச் செய்தி என்ன என்று தொடங்கிவிடுவோம். முதல் கால் மணி நேரம் ஓசை, சீர், அடி உடையும் இடம் தவிர வேறெதையும் பேசக் கூடாது என்று கவிஞர் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பயிற்சிக்கு நேரிசை ஆசிரியப்பா என்ற மரபு வடிவத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். எல்லா அடியும் நாற்சீர், ஈற்றடிக்கு முந்தைய அடி மட்டும் முச்சீர். மாணவர் தன் புதுக்கவிதை ஒன்றை ஏழெட்டு அடியில் இந்த வடிவத்துக்குக் கொண்டுவரட்டும். முடிவுக்கு முன் ஒரு சீர் குறைகிற இடத்தில் மூச்சு திடீரென்று குறுகும். கடைசி அடி தனிக் கனத்தோடு விழும். அதன்பின் பழைய புதுக்கவிதைக்கே திரும்பினாலும் கடைசி இரண்டு அடியை முன்போல அலட்சியமாக எழுத மாட்டார்.

அறை சிறியதாக, நாற்காலிகளை வட்டமாகப் போடும்படி இருக்க வேண்டும். மைக் வேண்டாம். கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறியை முன்கூட்டியே பழுது பாருங்கள், வாசிப்பே கேட்காமல் போய்விடும். தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் பெசன்ட் நகரின் உ.வே.சா. நூலகத்துக்கும் அறிமுகக் கடிதங்கள் முதல் நாளே கவிஞர் கையில் இருக்கட்டும்.

மதிப்பூதியத்தை மூன்று தவணையாகப் பிரியுங்கள். கடைசியில் மொத்தமாக என்றால் கோப்பு நிதி அலுவலர், தணிக்கை என்று சுற்றி வரும்போது கவிஞர் ஊருக்கே போயிருப்பார். பான் எண்ணையும் வங்கி விவரத்தையும் வருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பான் இல்லாவிட்டால் வரிப் பிடித்தம் 10 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிடும். வெளிநாட்டுக் கவிஞர் என்றால் அவர் தங்கும் விவரத்தை விருந்தினர் இல்லம் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். இது பலருக்கு நினைவிருப்பதில்லை.

பதிப்புரிமைதான் யாரும் பேசாத விஷயம். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை எழுதியவருக்கே. ஆனால் பணியாளராக, வேலையின் பகுதியாக எழுதியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் வேலை கொடுத்தவருக்குப் போகும். கவிஞருக்குத் தரும் நியமன ஆணையின் சொற்கள் தெளிவில்லாமல் இருந்தால் பின்னால் வழக்காகும். தங்கியிருக்கும் காலத்தில் எழுதியவை அனைத்தும் கவிஞருக்கே உரியவை, பல்கலைக்கழகம் தன் தொகுப்பில் ஒருமுறை அச்சிடலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கவிஞர்களே, கையெழுத்துப் போடுமுன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.