எதிர்த்துப் பேச ஓர் ஆள் வேண்டும்

பாலைவனத்தில் இரண்டு பேர் போகிறார்கள். ஒருவரிடம் மட்டும் ஒரு குடுவைத் தண்ணீர் இருக்கிறது. அவரே குடித்தால் ஊர் போய்ச் சேருவார். பங்கு போட்டால் இருவருமே சாக வேண்டியதுதான். என்ன செய்யலாம்?

யூதர்களின் பழைய நெறி விவாதத் தொகுப்பான தல்மூதில் வரும் கேள்வி இது. ஒருவன் சாவதை இன்னொருவன் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, இருவரும் குடிக்கட்டும் என்கிறார் பென் பெத்தூரா. ரபி (யூத மத ஆசான்) அகிவா இதை ஏற்கவில்லை. உன் உயிர்தான் முதலில் என்கிறார். அகிவாவின் வாதம் நிலைத்தது. ஆனால் பென் பெத்தூராவின் வாதத்தை யாரும் அழிக்கவில்லை. இன்றும் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கிறார்கள்.

இந்த மாதிரி விவாதங்களைப் பள்ளிப் பருவத்தோடு முடித்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பதினைந்து வயதில் இது ஒரு விடுகதை. ஐசியூ வாசலில் உட்கார்ந்து, அப்பாவுக்கு வென்டிலேட்டர் வைக்கலாமா வேண்டாமா என்று முடிவு சொன்னவருக்கு இது விடுகதை இல்லை. அகிவாவே நாற்பது வயதில்தான் படிக்க ஆரம்பித்தார் என்பது மரபு.

வென்டிலேட்டர் என்றதும் இஸ்ரேலின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் நினைவுக்கு வருகிறது. மரணத் தறுவாயில் இருக்கும் நோயாளிகளுக்கான சட்டம் அது. மருத்துவர்கள், ரபிகள், தத்துவ அறிஞர்கள், வழக்கறிஞர்கள் என 59 பேர் கொண்ட குழு அதற்காகப் பேசித் தீர்த்தது. ஓடிக்கொண்டிருக்கும் கருவியை நிறுத்துவது உயிரைப் பறிப்பது போன்றது; நின்றுபோனதைத் திரும்ப ஓட்டாமல் விடலாம். யூத நெறியில் இருக்கும் இந்த வேறுபாட்டை வைத்து, குறித்த நேரத்தில் தானே நிற்கும்படி கருவியில் டைமர் பொருத்தலாம் என்ற வழியைக் கண்டார்கள். இது வெறும் சாமர்த்தியம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிர்த்தரப்பின் மனசாட்சியையும் மதித்துத் தேடிய வழி அது.

பெரியவர்களுக்கான கல்வி என்றால் ஜெர்மானிய யூதத் தத்துவ அறிஞர் ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1913இல் கிறித்தவத்துக்கு மாறும் விளிம்பு வரை போய்த் திரும்பியவர். 1920இல் ஃப்ராங்ஃபர்ட்டில் லேர்ஹவுஸ் என்ற கல்விக்கூடத்தைத் தொடங்கினார். மரபைவிட்டு வெகுதூரம் போய்விட்ட மருத்துவர்களும் வழக்கறிஞர்களும், வெளியே கற்றதையும் சுமந்துகொண்டே உள்ளே வரட்டும் என்பது அவர் எண்ணம். அவர் 1929இல் இறந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் யூதத் தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் அதை மறுபடி திறந்தார்.

இன்று சில வகுப்புகளில் தல்மூதை இனிப்பான வாழ்க்கைக் குறிப்புகளாகப் பிழிந்து கொடுக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவே இல்லை. ஹவ்ரூத்தா என்ற இருவர் படிப்பு முறைக்கே இது எதிரானது. தல்மூதிலேயே ஒரு கதை உண்டு. ரபி யோகனானின் படிப்புத் துணைவர் ரேஷ் லாகிஷ் இறந்துபோகிறார். அவர் இடத்துக்கு வந்தவர், 'நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். யோகனான் பொறுக்க முடியாமல் புலம்புகிறார்: அவன் இருந்தால் இருபத்துநான்கு ஆட்சேபம் எழுப்புவான், நான் இருபத்துநான்கு பதில் சொல்வேன், விஷயம் விரியும்.

அதனால்தான் தாஃப் யோமி மீதும் எனக்கு ஒரு மனக்குறை. 1923இல் தொடங்கிய அந்த வழக்கப்படி தல்மூதில் தினம் ஒரு ஏடு, ஏழரை ஆண்டில் 2,711 ஏடுகள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அகிவாவையும் பென் பெத்தூராவையும் ஒரே நாளில் கடந்துபோவது நியாயமில்லை. ஒரு மாதம் அங்கேயே நின்று சண்டை போடட்டும். மற்ற ஏடுகள் காத்திருக்கும்.