அது உடைந்த பாகம் அல்ல, இடைநிலை வளையம்

அப்போலோ பயணங்களில் மனிதர்களை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் படத்தில் வளையம் ஒன்று கழன்று விழுவதைக் காட்டி, ராக்கெட் நடுவானில் உடைந்தது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அப்படியில்லை. அது முதல் இரண்டு அடுக்குகளையும் இணைக்கும் இடைநிலை வளையம், திட்டமிட்டே கழற்றப்படுவது.

இரண்டாம் அடுக்கின் ஐந்து எஞ்சின்களைச் சுற்றி அந்த வளையம் இருக்கும். முதல் அடுக்கு பிரியும்போது ராக்கெட் சற்று ஆடலாம். அப்போதே வளையமும் கழன்றால் எஞ்சின் மேல் இடித்துவிடும். அதனால் எஞ்சின்கள் எரிந்து, ஓட்டம் சீரானதும், சுமார் 30 விநாடி கழித்துத்தான் வளையத்தை விடுவிப்பார்கள். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்!

சரிபார்ப்பது எளிது. நாசா வெளியிட்ட அப்போலோ 11 வானொலி உரையாடல் பதிவில், கிளம்பி மூன்று நிமிடம் தாண்டியதும் பாருங்கள்: "ஸ்கர்ட் செப்" என்று வரும். இந்த வளையம் பிரிந்ததைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.