291-ஆவது பிரிவு நாய்க்கு உதவவில்லை
அவிழ்த்துவிட்ட நாய் இன்னொருவர் வளர்க்கும் பிராணியைக் கடித்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆவது பிரிவில் உரிமையாளரை உள்ளே தள்ளலாம் என்கிறது நாய்க்கடி பற்றிய கட்டுரை ஒன்று. அவ்வளவு எளிதில்லை. அந்தப் பிரிவு பேசுவது மனித உயிருக்கு ஆபத்து, மனிதருக்குக் கொடுங்காயம் பற்றித்தான். 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் எல்லாம் அதற்கு. காவேரிப்பட்டணம் பக்கம் போன மாங்காய் சீசனில், கயிறு பிடித்துக் கூட்டிப்போன எங்கள் நாட்டு நாயை, தோப்புக் காவலுக்கு அவிழ்த்துவிட்ட ராஜபாளையம் நாய் ஒன்று வேலி தாண்டி வந்து கழுத்தில் கவ்வியது. தோப்புக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே ‘அது ஒண்ணும் பண்ணாதுங்க’ என்கிறார், இங்கே என் வேட்டியெல்லாம் ரத்தம்! 7 தையல், அப்புறம் வெறிநாய்த் தடுப்பூசி 5 தவணை. ஸ்டேஷனில் ‘உங்களைக் கடிச்சுதா? இல்லையே’ என்று அனுப்பிவிட்டார்கள். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம், சரி, தையல் கூலிக்கு யார் வாய்தா வாய்தாவாகக் கிருஷ்ணகிரிக்கு அலைவது? ஊர்ப் பெரியவர் இரண்டு பேரை வைத்துப் பேசித்தான் மருந்துச் செலவில் பாதியாவது வந்தது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ‘நாயைத் தூக்கிக்கொண்டு நகர வேண்டியதுதானே’ என்று கேட்டிருக்கிறார். 20 கிலோ சார், தூக்கிப் பாருங்கள், அதுவும் கழுத்தில் இன்னொன்று தொங்கிக்கொண்டிருக்கும்போது.