ஹீற்றிங்கை நிறுத்தி மிச்சம் பிடிப்பவர்களுக்கு

"நாங்கள் நவம்பர் முடியும்வரை ஹீற்றிங்கே போடவில்லை" என்று சொல்வது லண்டன் தமிழ் வீடுகளில் ஒரு பெருமையாகிவிட்டது. கோயில் வாசலிலும் கேட்கிறேன், பிறந்தநாள் வீட்டிலும் கேட்கிறேன். ஒருவர் சொன்னவுடன் பக்கத்தில் நிற்பவர், "நாங்கள் டிசம்பரில்தான்" என்று இன்னும் ஒரு படி மேலே போவார். இதைக் கேட்க எனக்குச் சந்தோசமாக இல்லை. இப்படிச் சொல்லும் வீடுகளில் எழுபது, எண்பது வயது அம்மா அப்பா இருக்கிறார்கள், கைக்குழந்தைகள் இருக்கிறார்கள். குளிரைத் தாங்குவது அவர்கள்தான்.

பில் ஏறியது எல்லோருக்கும் தெரியும். 2021 ஒக்ரோபரில் ஒரு சராசரி வீட்டுக்கு ஒஃப்ஜெம் (காஸ், கரண்ட் கம்பனிகளைக் கண்காணிக்கும் அரச அமைப்பு) போட்ட விலை வரம்பு வருடத்துக்கு 1,277 பவுண். அடுத்த ஒக்ரோபரில் அது 3,549க்குப் போயிருக்க வேண்டியது. அரசாங்கம் குறுக்கே வந்து 2,500இல் நிறுத்தியது. 2025 ஒக்ரோபரில் 1,755. இறங்கிவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள், ஆனால் உக்ரைன் போருக்கு முந்தைய விலைக்கு அது திரும்பவே இல்லை. அதோடு கனபேர் பிழையாக விளங்கிக்கொள்ளும் ஒரு விஷயம்: அந்த வரம்பு உங்கள் மொத்தப் பில்லுக்கு இல்லை, ஒரு யூனிற்றின் (ஒரு கிலோவற் மணி) விலைக்கும் நாள் கட்டணத்துக்கும்தான். கூடப் பாவித்தால் கூடத்தான் வரும். ஒன்றுமே பாவிக்காவிட்டாலும் நாள் கட்டணம் மட்டும் காஸுக்கும் கரண்டுக்கும் சேர்த்து வருடத்துக்கு 300 பவுணைத் தாண்டும். ஹீற்றிங்கை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் காசு குறையாது, வருமானம் குறைந்தவருக்கு இது பெரிய அநியாயம்.

ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிழையான இடத்தில் பிடிக்கிறோம் என்கிறேன்.

போன குளிர்காலத்தில் சொந்தக்கார மாமி ஒருவரைப் பார்க்கப் போனேன். பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள், மாமி தனிய. கம்பளித் தொப்பி, இரண்டு சுவெற்றர், அதற்குமேல் சால்வை. குசினியில் காஸ் அடுப்பை எரியவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். "ஹீற்றிங் போட்டால் பிள்ளைக்குச் செலவு" என்றார். மூடிய அறையில் அடுப்பை எரியவிட்டு இருந்தால் கார்பன் மொனொக்சைட் சேரலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அந்த வீட்டில் அதற்கான அலாரமும் இருக்கவில்லை. வீட்டுக்குள் 18 பாகைக்குக் குறையக்கூடாது என்று இங்குள்ள சுகாதாரத் துறை சொல்வது சும்மா இல்லை. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கி பிரஷர் ஏறும், வயது போனவர்களுக்கு அது மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ கொண்டுபோய் விடலாம். பிரஷரும் சர்க்கரையும் இல்லாத பெரியவர் எங்கள் குடும்பங்களில் எத்தனை பேர்?

சரி, எங்கே மிச்சம் பிடிக்கலாம்? முதலில் பொய்லரைப் பாருங்கள். குசினி அலுமாரிக்குள் இருக்கும் அந்தப் பெட்டியை, அது நின்றுபோகும்வரை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. கொம்பி பொய்லர் (தாங்கி இல்லாமல் உடனுக்குடன் சுடுதண்ணீர் தருவது) என்றால் முன்பக்கம் இரண்டு திருகிகள் அல்லது பொத்தான்கள் இருக்கும். ஒன்றில் குழாய்ப் படம், மற்றதில் ரேடியேற்றர் படம். பூட்டிய ஆள் ரேடியேற்றர் பக்கத்தை 75, 80 பாகையில் விட்டுப் போயிருப்பார். இன்றைய பொய்லர்கள் புகையோடு போகும் நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் பிடிக்கும்படி செய்யப்பட்டவை. ஆனால் ரேடியேற்றர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அது நன்றாக நடக்கும். 80இல் ஓடவிட்டால் அந்த வேலை அநேகமாக நடப்பதே இல்லை, காசு புகைக்குழாயால் வெளியே போகிறது. அதை 60க்கு இறக்குங்கள். வீடு சூடாகக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், அவ்வளவுதான். சுடுதண்ணீர் தாங்கி உள்ள வீடு என்றால் மட்டும் அப்படி இறக்க வேண்டாம். தாங்கித் தண்ணீர் 60 பாகைக்காவது சூடாக வேண்டும், இல்லாவிட்டால் கிருமி வளரும்.

அடுத்தது கரண்ட் ஹீற்றர். "ஒரு அறைக்குத்தானே" என்று வாங்கி வைக்கிறார்கள். 2025 ஒக்ரோபர் விலையில் கரண்ட் ஒரு யூனிற் ஏறக்குறைய 26 பென்ஸ், காஸ் 6 பென்ஸ். அந்தக் கணக்கில், இரண்டு கிலோவற் ஹீற்றர் முழு வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடினால் 52 பென்ஸ். அதே அளவு சூட்டைப் பொய்லர் 14 பென்ஸுக்குத் தரும். மற்ற அறைகளின் ரேடியேற்றர்களை அவற்றின் ஓரத்தில் உள்ள திருகியில் குறைத்துவிட்டு, ஆள் இருக்கும் அறையைப் பொய்லரால் சூடாக்குவதே நல்லது. முகநூலில் விளம்பரம் வரும் "அதிசய" குட்டி ஹீற்றர்களை வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஒரு யூனிற் கரண்டிலிருந்து எந்தச் சாதாரண ஹீற்றரும் ஒரே அளவு சூட்டைத்தான் தரும், 20 பவுண் என்றாலும் 200 பவுண் என்றாலும்.

ஹீற்றிங்கை நிறுத்திய வீட்டில் பூஞ்சணம் இலகுவாக வரும். அறைக்குள் உடுப்புக் காயப்போடுகிறோம், மூன்று அடுப்பில் சமைக்கிறோம், குளிர் என்று யன்னலையும் திறப்பதில்லை. அந்த ஈரம் முழுக்கப் போய்க் குளிர்ந்த வெளிச்சுவரில் படியும். ஊருக்குப் போகக் கட்டிவைத்த சூட்கேஸைச் சுவரிலிருந்து இழுத்துப் பாருங்கள், பின்னால் கறுப்பாக இருக்கும். ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பிள்ளை 2020 டிசம்பரில் இறந்தது வீட்டுப் பூஞ்சணத்தால்தான் என்று மரண விசாரணையில் சொன்னார்கள். ஆபத்தான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் வீட்டுக்காரர் திருத்த வேண்டும் என்று அந்தப் பிள்ளையின் பெயரில் வந்த சட்டம், 2025 ஒக்ரோபரிலிருந்து சமூக வீடுகளுக்கு (கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகள்) இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. தனியார் வாடகை வீடுகளுக்கு அது இன்னும் வரவில்லை. அறை வாடகைக்கு விடும் எங்கள் ஆட்களில் சிலர் தேர்மோஸ்டாட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். "பில்லும் சேர்த்துத்தான்" என்று வாடகை வாங்கிவிட்டு மாணவப் பிள்ளைகளைக் குளிரில் விடுவது பாவம். செய்யாதீர்கள்.

வீட்டுக்குச் சூடு வெளியே போகாமல் உறை (இன்சுலேஷன்) போடுவதுதான் நிலையான மிச்சம். லொஃப்டில் 270 மில்லிமீற்றர் தடிப்பில் இன்சுலேஷன் பஞ்சு விரிப்பது பெரிய செலவில்லை. ஆனால் கதவைத் தட்டி "அரசாங்கத் திட்டம், இலவசம்" என்பவரை உடனே நம்ப வேண்டாம். அரசாங்கத் திட்டங்களில் வெளிச்சுவருக்கு உறை போட்ட வீடுகளில் 98 வீதத்தில் திருத்தியே ஆக வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாகத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2025இல் சொன்னது. உறைக்காகத் தெளிக்கும் நுரையை (ஸ்பிறே ஃபோம்) லொஃப்டில் அடித்தால் மோட்கேஜ் தர மறுக்கும் வங்கிகளும் உண்டு. 

பொய்லருக்குப் பதிலாக, வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ சூட்டை எடுத்து வீட்டுக்குள் தரும் ஹீற் பம்ப் போடலாமா என்று கனபேர் கேட்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண் மானியம் உண்டு, ஒரு யூனிற் கரண்டுக்கு மூன்று யூனிற் அளவு சூடு தரும் நல்ல இயந்திரம். ஆனால் கரண்ட் காஸைவிட நான்கு மடங்கு விலை. சாதாரணத் திட்டத்தில் அதன் செலவு பொய்லரைவிடக் கொஞ்சம் கூடவே வரலாம், தனிச் சலுகைத் திட்டம் எடுத்தால்தான் கணக்கு மாறும். சுற்றாடல் திட்டங்களின் செலவில் பெரும்பகுதியைப் பல வருடமாகக் கரண்ட் பில்லின் தலையில் கட்டியது அரசுகள்தான். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அதில் ஒரு பகுதியை வரிப்பணத்துக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். முழுவதையும் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. பொய்லர் நன்றாக ஓடுகிறது, வீடு காற்று ஒழுகுகிறது என்றால் முதலில் வீட்டைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பென்ஷன் கிரெடிற் (வருமானம் குறைந்த பென்ஷன்காரருக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை) கிடைக்க உரிமையிருந்தும் கேட்காமல் இருக்கும் வயது போனவர்கள் இந்த நாட்டில் பல இலட்சம் பேர். "பிள்ளையோடு இருக்கிறேன், எனக்குத் தரமாட்டார்கள்" என்று எங்கள் பெரியவர்கள் நினைக்கிறார்கள். பிள்ளையின் சம்பளத்தை அதில் கணக்கெடுப்பதில்லை. ஸ்பொன்சரில் வந்தவர்கள் மட்டும் விசா நிபந்தனையை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வருட வருமானம் 35,000 பவுணுக்கு உட்பட்ட பென்ஷன்காரருக்கு குளிர்காலக் கொடுப்பனவும் உண்டு. பென்ஷன் கிரெடிற்றுக்குத் தொலைபேசியில் விண்ணப்பிக்கலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், மூன்று மாதம் வரை பின்னோக்கியும் தருவார்கள். இந்தக் கிழமை ஒரு லீவு நாளில் அம்மாவையோ மாமியையோ பக்கத்தில் இருத்தி அந்த அழைப்பை எடுங்கள். விவரம் தெரியாவிட்டால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.