சின்ன பாடி, ஃபுல் ஃப்ரேம் சென்சார்: ஒரு கடற்கரைக்காரனின் கட்சி

ஃபுல் ஃப்ரேம் சென்சாரை, அதாவது அந்தக்கால 35 மி.மீ. ஃபிலிம் ஃப்ரேம் அளவுள்ள சென்சாரை, சின்ன பாடிக்குள் (லென்ஸ் நீங்கலான கேமரா உடலுக்குள்) வைத்த கேமராக்கள் என்று பேச்செடுத்தாலே நம்ம ஆட்களிடம் ரெண்டு பதில் தயாராக இருக்கிறது. ஒன்று, "அது காசு இருக்கிறவன் வச்சுக்கிற பொம்மை". இன்னொன்று, "சீரியஸா படம் எடுக்கிறவனுக்கு அது சரிப்படாது". முதல் பதிலில் பாதி நியாயம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ராமநாதபுரம் ஜில்லாவில் தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை, தெற்கே கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் என்று இந்தக் கரையில் நடந்து படம் எடுக்கிறவனுக்கு இதைவிடத் தோதான கருவி கிடையாது என்பது என் கட்சி.

நான் பிழைப்புக்குக் கல்யாணம் எடுப்பவன். கல்யாண மண்டபத்தில் கேமரா பெரிதாக இருந்தால்தான் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த காசு செரிக்கும். சின்னதைத் தூக்கிக்கொண்டு போனால், "தம்பி, நல்ல கேமரா பின்னாடி வருதா?" என்று கேட்பார்கள். அது வியாபாரம். அங்கே பேட்டரி கிரிப்பெல்லாம் மாட்டிக்கொண்டுதான் நிற்பேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அதே மூட்டையைக் கடற்கரைக்கும் சுமந்துகொண்டு போய், அதுதான் தொழில் பக்தி என்று பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை.

முதலில் வரலாறு. ஃபுல் ஃப்ரேமின் 24 x 36 மி.மீ. என்ற அளவே சின்ன கேமராவோடு பிறந்ததுதான். ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்கா 1925-ல் விற்பனைக்கு வந்தபோது அது சட்டைப்பையை ஒட்டிய சமாச்சாரம். 1966-ல் வந்த ரோலெய் 35 உள்ளங்கைக்குள் அடங்கும், அதிலும் இதே ஃப்ரேம்தான். லென்ஸ் பார்ப்பதைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் கண்ணாடியும் பிரிஸமும் வந்து உட்கார்ந்த பிறகுதான் பாடி வீங்கியது. டிஜிட்டலில் அந்த வீக்கம் இன்னும் கூடியது. கேனன் 5டி மார்க் 4 பாடியே 890 கிராம், அதில் 24-70 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸ் மாட்டினால் இன்னொரு 805 கிராம் (எஃப் நம்பர் குறையக் குறைய லென்ஸ் கூடுதல் வெளிச்சம் விடும்). கண்ணாடியைக் கழற்றி எறிந்த காலத்தில் அந்த எடையை ஏன் மரியாதைக்குரியதாக நினைக்க வேண்டும்? 2012-ல் சோனி ஆர்எக்ஸ்1 வந்தது. 35 மி.மீ. எஃப் 2 லென்ஸோடு சேர்த்தே அரைக் கிலோவுக்குள். 2015-ல் லைக்கா க்யூ. அதற்குப் பிறகு கேமராவின் கனத்தை வைத்து ஆளை எடைபோடுகிற பேச்சுக்கு அடிப்படையே இல்லை.

இனி நம்ம கரைக்கு வருவோம். இங்கே வெளிச்சம் ரெண்டே விதம்: ரொம்பக் கம்மி, இல்லையென்றால் ரொம்ப அதிகம். விசைப்படகு கரையேறும்போது இன்னும் விடிந்திருக்காது. படகின் விளக்கு, ஏலம் போடும் இடத்தில் ஒரு எல்இடி, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு அதற்கு அடுத்த சின்ன அளவான ஏபிஎஸ்-சி சென்சாரைப் போல ஏறக்குறைய 2.3 மடங்கு, அதையும்விடச் சின்ன ஒரு இன்ச் சென்சாரைப் போல ஏழு மடங்குக்கு மேல். ஒரே எஃப் நம்பர், ஒரே ஷட்டர் ஸ்பீடு வைத்தாலும் மொத்தமாக விழும் வெளிச்சம் அத்தனை மடங்கு கூடுதல். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறனை) 6400-க்கு ஏற்றி நண்டுக் கூடையை எடுத்தால் ஓட்டில் இருக்கிற நீலம் நீலமாகவே இருக்கும், சேறாகிப் போகாது. இதனால் கிடைக்கும் இன்னொரு லாபத்தை யாரும் சொல்வதில்லை: லென்ஸும் சின்னதாக இருக்கலாம். ஃபுல் ஃப்ரேமில் எஃப் 2.8 செய்கிற வேலைக்கு ஏபிஎஸ்-சியில் ஏறக்குறைய எஃப் 1.8 வேண்டும்.

பகலில் பிரச்சினை தலைகீழ். தனுஷ்கோடி மணல் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தும். அதன் மேல் வெயிலில் கறுத்த முகம், தலையில் தொப்பி அல்லது முக்காடு. இங்கேதான் லென்ஸைக் கழற்ற முடியாத மாடல்கள் ஜெயிக்கின்றன. ஆர்எக்ஸ்1 வரிசையிலும் லைக்கா க்யூ வரிசையிலும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. சாதாரண கேமராவில் ஷட்டர் ஸ்பீடு 1/200, 1/250 நொடிக்கு மேல் போனால் ஃபிளாஷ் முழு ஃப்ரேமிலும் விழாது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்து 1/200-ல் நிற்க வேண்டுமானால் எஃப் 11-க்குப் போக வேண்டும். அவ்வளவு மூடிய லென்ஸில் சின்ன ஃபிளாஷ் மூச்சு வாங்கும். ஆர்எக்ஸ்1 மாதிரி ஷட்டர் லென்ஸுக்குள் இருந்தால் எஃப் 5.6, 1/800 என்று வைத்து, ஃபிளாஷைத் துளியூண்டு தட்டிவிட்டாலே முக்காட்டுக்குக் கீழே இருக்கிற கண் தெரியும். வானமும் வெளுத்துப் போகாது. இதையே சாதாரண கேமராவில் செய்ய ஹை ஸ்பீடு சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷை விழ வைக்கும் வசதி), பெரிய ஃபிளாஷ், அதைப் பிடிக்க ஒரு தம்பி என்று ஆள் சேர்க்கிறோம்.

அடுத்தது உப்பும் மணலும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அரிச்சல்முனையில் லென்ஸ் மாற்றிப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு மணல் ஓடிக்கொண்டிருக்கும். பெண்கடல் (பாக் நீரிணை) பக்கம் தண்ணீர் தூங்கும், ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் திரும்பி ஐந்து நிமிஷம் நின்றால் முன் கண்ணாடியில் பிசுபிசுப்பு. அதைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புத்தூள் கோட்டிங்கைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தி எடுத்துவிட்டுப் பிறகு துடையுங்கள். லென்ஸ் கழலாத கேமராவில் இந்த வேலை வெளிப்புறத்தோடு முடிந்தது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: லைக்கா க்யூ2, க்யூ3 ரெண்டுக்கும் தூசி, சாரல் தாங்கும் என்கிற ஐபி52 தரச்சான்று இருக்கிறது, ஆர்எக்ஸ்1-க்கு அப்படி எதுவும் இல்லை. சாரல் விழுந்தால் பைக்குள் போட வேண்டியதுதான்.

ஆனால் என்னை இந்தப் பக்கம் சாய்த்தது டெக்னிக்கல் கணக்கு அல்ல. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுத்துவிட்டு வருகிற அக்காமார்களைப் பார்த்திருப்பீர்கள். விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருக்கும், பவளப்பாறையில் கை கிழியாமல் இருக்க. கரையில் உட்கார்ந்து அந்தத் துணியைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்ப்பார்கள். உள்ளே விரல் நுனி வெளுத்துச் சுருங்கிப் போயிருக்கும். அதை எடுக்க 35 மி.மீ. லென்ஸோடு ஒரு கை தூரத்தில் குந்த வேண்டும். அந்தத் தூரத்தில் பெரிய கேமராவை நீட்டினால் முதல் கேள்வி, "எந்த ஆபீஸ்ல இருந்து வர்றீக?" மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்த 1986-லிருந்து தீவுப் பக்கம் போவதற்கே கெடுபிடி உள்ள தொழில் அது, கேட்கத்தான் செய்வார்கள். சின்ன கேமராவைக் கண்டால், "இது என்னத்தைப் பிடிக்கும்? செல்போன் இல்லையாக்கும்?" என்று சிரிப்பு வரும். சிரித்த பிறகு பேச்சு வரும், அனுமதியும் கேட்கலாம். தூரத்தில் நின்று 70-200 டெலி லென்ஸில் திருடுவதைவிட இது யோக்கியமான வேலை.

சரி, எல்லாச் சின்ன கேமராவும் ஒன்றா என்றால் இல்லை. சிக்மா எஃப்பி, பானசோனிக் எஸ்9 ரெண்டிலும் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, சென்சாரை வரிவரியாகப் படிக்கிற எலக்ட்ரானிக் ஷட்டர் மட்டும்தான். பார்க்க அழகு. ஏலக் கூடத்து எல்இடி வெளிச்சத்தில் எடுத்தால் மீன் மேலே பட்டை பட்டையாகக் கோடு விழ வாய்ப்புண்டு. எஸ்9-ல் ஃபிளாஷ் வேலையும் நடக்காது. வீடியோக்காரர்களுக்கு விட்டுவிடலாம். இன்னொரு கூத்து, சோனி ஏ7சி 2 வாங்கி அதில் 24-70 ஜிஎம் 2 ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு அலைவது. 514 கிராம் பாடியில் 695 கிராம் லென்ஸ், நாய்க்குட்டி கழுத்தில் கோயில் மணி கட்டிய மாதிரி. அதே பாடியில் 173 கிராம் எடையுள்ள 40 மி.மீ. எஃப் 2.5 மாட்டுங்கள், அப்போதுதான் அது சின்ன கேமரா. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் பஸ் போகும்போது காலடியில் அதிர்கிறதே, அங்கே டிரைபாடை விரித்துப் பயனில்லை. கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, பாடிக்குள் இருக்கிற ஸ்டெபிலைசேஷனை (கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதியை) நம்பி எடுத்தால் 2025-ல் திறந்த புது ரயில் பாலம் கூர்மையாகவே வருகிறது.

பறவைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தனுஷ்கோடித் தண்ணீரில் பூநாரை நிற்கும் மாதங்களில் உங்களுக்கு 600 மி.மீ. லென்ஸ் வேண்டும். அதற்கு நான் சொல்கிற எதுவும் உதவாது. 61 மெகாபிக்சல் இருக்கிற ஆர்எக்ஸ்1ஆர் 3-ல் 50 மி.மீ. பார்வைக்கு வெட்டினாலும் 30 மெகாபிக்சலுக்குப் பக்கத்தில் மிஞ்சும். மனிதர்களுக்கு அது தாராளம், பூநாரைக்குப் போதாது.

இப்போது அந்தக் காசு விஷயம். லைக்கா க்யூ3, ஆர்எக்ஸ்1ஆர் 3 எல்லாம் பல லட்சம். அந்தப் பணத்தில் நாட்டுப்படகுக்கு இன்ஜின் மாற்றலாம் என்று ஒரு அண்ணன் சொன்னார், மறுக்க முடியவில்லை. அதுவும் 2025-ல் அவ்வளவு விலை வைத்துவிட்டு, ஸ்டெபிலைசேஷனும் இல்லாமல், மடங்காத திரையோடு ஆர்எக்ஸ்1ஆர் 3-ஐ விட்டது கஞ்சத்தனம். என்னைக் கேட்டால் 2020-ல் வந்த முதல் ஏ7சியை செகண்ட்ஹேண்டில் வாங்கி, ஒரே ஒரு சின்ன பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் சுவரில் மாட்டப் போதும். பேட்டரி ஒரு சார்ஜுக்கு 700 படம் வரை தாங்கும். பழைய ஆர்எக்ஸ்1 வாங்கினால் பேட்டரிக்குத் தனிப் பை வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள்.

பழசு வாங்கும்போது ஷட்டர் கவுண்டை (இதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதை) மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். முதலில் ஃபிளாஷ் மாட்டுகிற ஹாட் ஷூவின் உள் விளிம்பைப் பாருங்கள், பிறகு டிரைபாட் ஓட்டை, ஸ்ட்ராப் வளையம், அடிப்பக்க ஸ்க்ரூ. பழுப்போ வெள்ளைப் பூப்போ தெரிந்தால் அந்த கேமரா நம்ம ஜில்லாக்காரன் கையில் இருந்தது என்று அர்த்தம், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். என் கேமரா விற்பனைக்கு இல்லை, இன்பாக்ஸில் கேட்காதீர்கள். விற்றாலும் மேலே சொன்ன காரணத்துக்காக நீங்கள் வாங்கக்கூடாது.