பழைய கேம் ஆட ஒரு சின்ன மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு

அட்டையில் '10,000 கேம்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மன்னார்குடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி, பொங்கல் நெருங்கினால், "அண்ணே, பையன் கேக்குறான், பழைய கேம் ஆடுற மெஷின் கம்மி விலையில ஒண்ணு சொல்லுங்க" என்று வருகிறவர்கள் இப்போது அதிகம். கேட்பது பையனுக்காக என்றாலும் மரியோவும் கான்ட்ராவும் ஆட ஆசைப்படுவது அப்பாதான். அதில் எந்தத் தப்பும் இல்லை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில், 2006ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த டிவியில்தான் பிள்ளைகள் வீடியோ கேம் ஒயரைச் செருகி ஆடினார்கள். அந்த மெஷின்கள் பெரும்பாலும் நின்டென்டோ 1983ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். கேசட்டில் '9999 இன் 1' என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது சில பத்து கேம்கள். ஒரே கேம் வேறு பெயரில், வேறு லெவலில் தொடங்கும், அவ்வளவுதான். இப்போது வரும் பத்தாயிரமும் அதே கணக்குதான். ஒரே கேமின் ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு என்று மூன்று தடவை எண்ணியிருப்பார்கள்.

சரி, வேறு எதைப் பார்த்து வாங்குவது? எந்தக் காலத்து கேம் ஆடப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நான் சொல்வேன், முதல் பிளேஸ்டேஷனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது வந்தது 1994ல். அதற்குக் கீழே ஃபேமிகாம், சேகா, சூப்பர் நின்டென்டோ, 1989ல் வந்த கேம் பாய் எல்லாம் அடக்கம். 2001ல் வந்த கேம் பாய் அட்வான்ஸையும் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கும் பெரிய சக்தி தேவையில்லை. இந்த எல்லைக்குள் நின்றால் மிக மலிவான சிப்பே போதும். மியூ மினி பிளஸ் என்ற மலிவு மெஷினில் இருப்பது வெறும் 128 எம்பி ரேம். நான் மாதச் சம்பளத்தில் வாங்கிய முதல் ஆண்ட்ராய்டு போனில்கூட அதைவிட அதிகம் இருந்தது. ஆனாலும் முதல் பிளேஸ்டேஷன் கேம்கள் இந்தச் சின்ன மெஷினில் தடங்கல் இல்லாமல் ஓடுகின்றன.

பிஎஸ்பி (கையில் வைத்து ஆடும் பிளேஸ்டேஷன்), பிஎஸ் 2 (இரண்டாவது பிளேஸ்டேஷன்) என்று ஆசை ஏறும்போதுதான் பணம் வீணாகிறது. பிஎஸ் 2 ஒழுங்காக ஓட வேண்டுமென்றால் விலையுயர்ந்த செல்போனில் இருக்கும் வகைச் சிப் வேண்டும். அதற்குக் கொடுக்கும் காசுக்கு ஒரு நல்ல போனே வாங்கலாம். பிஎஸ்பி நடுவில் மாட்டிக்கொள்கிறது. மலிவுக் கருவிகளில் சில கேம் ஓடும், சில கேம் திணறும். பிஎஸ்பி படம் அகலவாக்கில் 480க்கு 272 புள்ளி (பிக்சல்). சதுரத்துக்குப் பக்கமாக இருக்கும் 3.5 அங்குலத் திரையில் அது மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு சிறுத்துத் தெரியும். பிஎஸ்பிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் டிரிம்யூஐ ஸ்மார்ட் ப்ரோ மாதிரி அகலத் திரை உள்ளதைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அது தேவையே இல்லை.

திரையைப் பற்றி இன்னொன்று. 640க்கு 480 என்ற அளவை நான் விடாமல் வலியுறுத்துவேன். ஃபேமிகாம் படம் 256க்கு 240 புள்ளி. அதைச் சரியாக இரண்டு மடங்கு ஆக்கினால் உயரம் 480 ஆகிவிடும். கேம் பாய் படம் 160க்கு 144. மூன்று மடங்கு ஆக்கினால் 480க்கு 432, கிட்டத்தட்ட முழுத் திரை. மடங்கு முழு எண்ணாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவில் கூர்மையாக விழும். இல்லாவிட்டால் மரியோ நகரும்போது சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் படம் நெளியும். இந்தக் கணக்கு ஒத்துவராதது கேம் பாய் அட்வான்ஸுக்கு மட்டும்தான். அதன் படம் 240க்கு 160 என்பதால் இரண்டு மடங்கில் சிறியதாக இருக்கும், மூன்று மடங்கில் திரையைத் தாண்டிவிடும். ஃபேமிகாமிலிருந்து முதல் பிளேஸ்டேஷன் வரை மற்றவை ஆடுகிறவர்களுக்கு இந்தத் திரை பொருத்தம்.

மலிவில் என் கைக்கு அடிக்கடி வருபவை மூன்று. ஆர்36எஸ், மியூ மினி பிளஸ், ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் ஹெச். மூன்றுக்கும் 3.5 அங்குலத் திரை, நான் சொன்ன அதே 640க்கு 480.

விலை குறைவு ஆர்36எஸ். ஆனால் அதில்தான் டூப்ளிகேட் அதிகம். வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், திறந்தால் போர்டு வேறு. ஒரிஜினலிலேயே திரை பல வகை. உள்ளே எந்தத் திரை இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லும் டிடிபி என்ற கோப்பு ஒவ்வொரு வகைக்கும் வேறு. அது தெரியாமல் யூடியூப் பார்த்துப் புது மென்பொருள் ஏற்றினால் திரை கறுப்பாகிவிடும். என் மச்சான் ஒருவர் ஆன்லைனில் வாங்கியது அப்படிப்பட்ட நகல்தான். விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். கொஞ்சம் நோண்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஆர்36எஸ் நல்ல பேரம்.

சின்னப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது மியூ மினி பிளஸ். காரணம் சிப் இல்லை, அதில் ஏற்றக்கூடிய ஆனியன் என்ற இலவச மென்பொருள். பட்டனை அழுத்தி அணைத்தால் ஆடிய இடத்திலேயே சேமித்துக்கொள்ளும். மறுபடி போட்டால் அதே இடத்தில் தொடங்கும். நீடாமங்கலத்தில் பஸ் மாறும்போது, "இருப்பா, இந்த லெவல் முடிக்கிறேன்" என்ற சண்டை இருக்காது.

பெரியவர்களுக்கு ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் ஹெச். மற்ற இரண்டும் நெட்டுக்குத்தாக இருக்கும், அரை மணி ஆடினால் பெரிய கைக்கு விரல் மடங்கி வலிக்கும். இது அகலவாக்கில் இருப்பதால் பிடிக்க வசதி. மினி ஹெச்டிஎம்ஐ வழியாக டிவியில் போடலாம், புளூடூத்தில் இன்னொரு கன்ட்ரோலரும் சேர்க்கலாம். அண்ணன் தம்பி சேர்ந்து கான்ட்ரா ஆடுவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. காசு இருந்தால் நேராக இதையே வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் கூடவே ஒரு நல்ல மெமரி கார்டு வாங்கிவிடுங்கள். மெஷினோடு வரும் கார்டு பெரும்பாலும் பெயரில்லாத மட்டமான சரக்கு. "திடீர்னு ஆன் ஆகல" என்று கடைக்கு வருபவற்றில் பெரும்பாலும் கெட்டிருப்பது அந்தக் கார்டுதான், மெஷின் இல்லை. வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் போட்டு முழுசாக ஒரு நகல் எடுத்துவைத்து, அதைத் தெரிந்த கம்பெனி கார்டில் ஏற்றுங்கள். பழைய கார்டைத் தூக்கிப் போடாதீர்கள், ஆர்36எஸ் என்றால் அதில்தான் உங்கள் திரைக்கான கோப்பு இருக்கிறது.

சார்ஜ் ஏறவில்லை என்று வருபவர்களும் உண்டு. மலிவுக் கருவிகள் பலவற்றில் சார்ஜிங் பின் அருகே வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை வைப்பதில்லை. அதனால் இரண்டு பக்கமும் டைப் சி உள்ள கேபிளில் ஏறாது. ஒரு பக்கம் பழைய பெரிய யுஎஸ்பி உள்ள கேபிளைப் போட்டால் ஏறும். இதற்காக யாரும் கடைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

அப்புறம், எங்கே வாங்குவது? இவை எல்லாம் சீனத் தயாரிப்பு. அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டதால், இங்கே ஆன்லைனில் கிடைப்பது இடையில் ஒருவர் லாபம் வைத்து விற்பதுதான். டெல்டாவில் நமக்கு இன்னொரு வழி இருக்கிறது. கூத்தாநல்லூர், பொதக்குடி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒரு சபுராளி (வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதிக்கிறவர்) இல்லாத தெரு இல்லை. அவர்களிடம் சொன்னால் திருச்சி ஏர்போர்ட் வழியாக வந்துவிடும். ஆனால் கெட்டுப்போனால் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் மாடலின் முழுப் பெயரை எழுதியே கொடுங்கள், 'ஹெச்' என்ற ஒரு எழுத்து விட்டுப்போனாலும் வேறு மாடல் வந்துவிடும்.

போனிலேயே இதெல்லாம் ஆடலாமே என்று கேட்பவர்களுக்கு: ஆடலாம், பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்க் என்ற ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு நான் பட்டன் உள்ள தனி மெஷினைத்தான் சொல்வேன். நடுவில் விளம்பரம் கிடையாது, காசு கட்டினால்தான் அடுத்த லெவல் என்று கேட்காது, யாரோ ஒருவர் மெசேஜ் அனுப்ப முடியாது. போனில் கேம் ஆடிப் பெற்றோர் கணக்கிலிருந்து பணம் போய், அழுதபடி போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகு இந்த விஷயத்தில் என்னால் நடுநிலையாகப் பேச முடியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மெஷினோடு நிரப்பி வரும் கேம்கள் உரிமம் வாங்கிப் போட்டவை இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கும் கேம்களும் இருக்கின்றன. 2004ல் டைசுகே அமாயா என்ற ஒரே ஆள் உருவாக்கி இலவசமாக வெளியிட்ட கேவ் ஸ்டோரியை முதலில் போட்டுப் பாருங்கள், இந்த மெஷின்களில் அருமையாக ஓடும்.

மன்னார்குடி, திருவாரூர் பக்கம் இருப்பவர்கள் கார்டு நகல் எடுக்கத் தெரியாவிட்டால் கடைக்குக் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம். புதுக் கார்டை மட்டும் நீங்களே வாங்கி வந்துவிடுங்கள், 64 ஜிபி போதும்.